காரம் கரைப்பது எதை?

வெள்ளிமலையிலிருந்து கச்சிராயபாளையம் இறங்கி, கள்ளக்குறிச்சி, தியாகதுருகம் வழியாக ரிஷிவந்தியம் வந்து சேரும் ஒரு காரின் முன்சக்கரத்தைப் பாருங்கள். அதில் குறைந்தது நான்கு வகை அழுக்கு இருக்கும். முதலாவது, கல்வராயன் மலைச்சாலையின் செம்மண். இரண்டாவது, சாலையிலிருந்து தெறித்த தாரும் எண்ணெயும். மூன்றாவது, போன முறை கழுவிய போர் தண்ணீர் காய்ந்து விட்டுப்போன வெள்ளைப் புள்ளிகள். நான்காவது, தொட்டால் விரலில் கருப்பாக ஒட்டும் பிரேக் தூள். கண்ணுக்கு எல்லாம் ஒரே அழுக்காகத் தெரிந்தாலும் வேதியியலில் இவை நான்கும் நான்கு வகைப் பொருள்கள். செம்மண் தண்ணீரோடு போய்விடும். எண்ணெய் போக நுரை வேண்டும். சுண்ணாம்புப் புள்ளிக்கு மெல்லிய அமிலம் வேண்டும். பிரேக் தூளிலுள்ள இரும்போ இந்த மூன்றுக்கும் எளிதில் மசியாது.

வாட்டர் சர்வீஸ் கடைகளிலும் வீடுகளிலும் இந்த நான்கையும் ஒரே கேனிலிருந்து ஊற்றும் திரவத்தால் கழுவுகிறோம். சீட், டேஷ்போர்டு, கதவு, டயர், சக்கரம் என்று எல்லா இடத்துக்கும் அதே ஆல் பர்ப்பஸ் கிளீனர்தான். அது சக்கரத்தைச் சுத்தம் செய்கிறதா, அரிக்கிறதா? இரண்டும் நடக்கும். எது எப்போது நடக்கும் என்பதை அறிய, அழுக்கையும் கிளீனரையும் சக்கரத்தின் உலோகத்தையும் தனித்தனியே பார்க்க வேண்டும்.

சக்கரத்தில் படியும் இரும்பு

பிரேக் மிதித்தால் காரின் இயக்க ஆற்றல் வெப்பமாக மாறுகிறது. ஒரு டன் எடையுள்ள கார் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்திலிருந்து நிற்கும்போது ஏறத்தாழ 139 கிலோஜூல் ஆற்றலை பிரேக்குகள் வாங்கிக்கொள்கின்றன. மலையிறக்கத்தில் கணக்கு இன்னும் பெரிது. அதே கார் 500 மீட்டர் உயரம் இறங்கினால் விடுபடும் ஆற்றல் சுமார் 4,900 கிலோஜூல். 30 டிகிரியில் இருக்கும் 16 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்க அது போதும். சின்ன கியரில் இறங்கும் ஓட்டுநர் அதில் பெரும்பங்கை இன்ஜின் மேல் போட்டுவிடுவார். நியூட்ரலில் இறங்குபவரோ அந்தச் சூட்டையெல்லாம் பிரேக்கின் மேல் ஏற்றுகிறார். அது உயிருக்கே ஆபத்து.

பெரும்பாலான கார்களில் பிரேக் டிஸ்க் வார்ப்பிரும்பால் ஆனது. அதை இறுக்கிப் பிடிக்கும் பேடில் எஃகு இழை, இரும்புத் தூள், கிராஃபைட், பேரியம் சல்பேட், இவற்றையெல்லாம் பிணைக்கும் ஃபீனால் பிசின் முதலியவை இருக்கும். ஒவ்வொரு மிதிப்பிலும் டிஸ்க்கும் பேடும் ஒன்றையொன்று தேய்க்கின்றன. உதிரும் துகள்களில் பெரும்பாலானவை சில மைக்ரோமீட்டர் அளவுதான். தலைமுடியின் தடிமனில் பத்தில் ஒரு பங்குகூட இராது. சாதாரண கார்கள் பலவற்றில் முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். நிறுத்தும்போது எடை முன்பக்கம் சாய்வதால் முன் பிரேக்குக்கே வேலை அதிகம். டிரம் மூடியிருப்பதால் பின்பக்கத் தூள் பெரும்பாலும் உள்ளேயே தங்கிவிடும். முன்சக்கரம் மட்டும் சீக்கிரம் கருப்பதற்கு இவையே காரணங்கள்.

இந்தத் தூள் காற்றிலும் கலக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2024-ல் நிறைவேற்றிய யூரோ 7 விதிகள், வாகனப் புகைக்கு வரம்பு வைப்பதுபோல பிரேக் துகளுக்கும் முதன்முறையாக வரம்பு வைத்தன. பெட்ரோல், டீசல் கார்களில் பெரும்பாலானவற்றுக்குக் கிலோமீட்டருக்கு 7 மில்லிகிராம். பேட்டரியில் மட்டுமே ஓடும் கார்களுக்கு 3 மில்லிகிராம். மோட்டாரே வேகத்தைக் குறைத்து மின்சாரமாகத் திருப்பிக்கொள்வதால் மின்கார்களில் பேட் தேய்வது குறைவு.

சக்கரத்தில் படியும் துகள்களில் சில சூடாகவே வந்து பூச்சில் பதிகின்றன. மழையோ கழுவிய தண்ணீரோ பட்டதும் இரும்பு துருப்பிடிக்கிறது. துரு, தான் உருவான இரும்பைவிட அதிக இடம் பிடிக்கும். அதனால் ஒவ்வொரு துகளும் பதிந்த இடத்திலேயே வீங்கி இறுகுகிறது. வெள்ளிநிறச் சக்கரத்தில் குண்டூசி முனை அளவில் பழுப்புப் புள்ளிகள் தெரிந்தால் அவை இந்தத் துகள்கள்தான்.

கேனுக்குள் இருப்பவை

ஆல் பர்ப்பஸ் கிளீனரில் பொதுவாக நான்கு வகைப் பொருள்கள் உண்டு.

முதலாவது, நுரை தரும் மூலக்கூறு. இதன் ஒரு முனை தண்ணீரோடு சேரும். மறுமுனை எண்ணெயோடு சேரும். எண்ணெய்முனைகள் அழுக்கைச் சூழ்ந்து பிடிக்க, தண்ணீர்முனைகள் வெளியே நிற்க, எண்ணெய்த் துளி முழுவதும் தண்ணீரில் மிதந்து வெளியேறுகிறது. இந்தியச் சலவைப் பொருள்களில் மிகுதியாக இருக்கும் நுரைப்பொருள் லீனியர் அல்கைல் பென்சீனிலிருந்து வருகிறது. அந்த மூலப்பொருளைச் சென்னை மணலியில் தமிழ்நாடு பெட்ரோபுராடக்ட்ஸ் நிறுவனம் தயாரிக்கிறது. வீட்டிலும் சிறு தொழிலாகவும் லிக்விட் சோப் தயாரிப்பவர்கள் ஆசிட் ஸ்லரி என்று கேட்டு வாங்குவது இதன் சல்போனிக் அமிலத்தைத்தான்.

இரண்டாவது, காரம். சலவை சோடா, சோடியம் மெட்டாசிலிக்கேட், சிலவற்றில் காஸ்டிக் சோடா. கொழுப்பை உடைத்துச் சோப்பாக மாற்றுவது இதன் வேலை. மூன்றாவது, தண்ணீரிலுள்ள கால்சியத்தையும் மக்னீசியத்தையும் பிடித்துவைக்கும் ஈடிடிஏ போன்ற பொருள். கடினப்பாறைப் பகுதியான கள்ளக்குறிச்சி வட்டாரத்தில் போர் தண்ணீரை நம்பிக் கழுவுவோருக்கு இது மிக உதவும். குடிநீருக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 10500, தண்ணீரின் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது என்றும், வேறு தண்ணீர் கிடைக்காத இடத்தில் 600 வரை ஏற்கலாம் என்றும் சொல்கிறது. கடினத்தன்மை மிகுந்த உப்புத் தண்ணீரில் சாதாரணச் சோப்பு நுரைக்காமல் திரிதிரியாகப் படிவதைத் துவைப்பவர்கள் நன்றாக அறிவார்கள். நான்காவது, தாரையும் கிரீஸையும் இளக்கும் கரைப்பான்.

இப்படி அமைந்த திரவம் சக்கரத்தின் எண்ணெய்ப்படலத்தை நன்றாக எடுக்கும். அந்தப் படலத்தில் ஒட்டியிருந்த தளர்ந்த பிரேக் தூளும் அதோடு வந்துவிடும். கருப்புத் தண்ணீர் வழிவதைப் பார்த்ததும் வேலை முடிந்தது என்று தோன்றும். ஆனால் பதிந்து துருவேறிய இரும்பு அங்கேயே இருக்கும். அது போகவில்லை என்று கிளீனரைக் கெட்டியாக ஊற்றி அதிக நேரம் ஊறவிடும்போதுதான் கேடு ஆரம்பமாகிறது.

இட்லிப்பானையும் மேட்டூர் ஆலையும்

அலாய் வீல் என்பது அலுமினியத்தோடு சுமார் 7 சதவீதம் சிலிக்கானும் சிறிது மக்னீசியமும் கலந்த வார்ப்பு. அலுமினியம் காற்றோடு மிக வேகமாகச் சேரும் உலோகம். ஆனாலும் துருப்பிடித்து உதிர்வதில்லை. காற்றுப் பட்ட கணமே அதன் மேல் சில நானோமீட்டர் தடிமனில் ஆக்சைடு படலம் உருவாகி உள்ளிருக்கும் உலோகத்தைக் காக்கிறது. சக்கரத்தின் பளபளப்பும் ஆயுளும் அந்தப் படலத்தில்தான் இருக்கின்றன.

அந்தப் படலத்துக்கு ஓர் எல்லை உண்டு. கரைசலின் அமிலத்தன்மையையும் காரத்தன்மையையும் அளக்கும் பிஎச் அளவுகோலை டென்மார்க்கின் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் சோரன் சோரன்சன் 1909-ல் வகுத்தார். அந்த அளவுகோலில் தோராயமாக 4 முதல் 8.5 வரை அலுமினிய ஆக்சைடு நிலையாக இருக்கும். அதற்குக் கீழே அமிலத்தில் கரையும். மேலே காரத்தில் கரையும். இரண்டு பக்கமும் கரையும் இந்த இயல்பை ஈரியல்பு என்கிறது வேதியியல். இந்த அளவுகோலில் ஒரு புள்ளி ஏறினால் காரத்தன்மை பத்து மடங்கு ஏறுகிறது. ஆல் பர்ப்பஸ் கிளீனர்களில் பல 9 முதல் 12 வரை நிற்பவை.

தமிழ்ச் சமையலறைகளில் இது பழகிய செய்தி. அலுமினிய இட்லிப்பானையில் உப்புத் தண்ணீரை ஊற்றிக் கொதிக்கவைத்தால் உட்புறம் கருத்துப்போகும். அதைத் தடுக்கத் தண்ணீரில் ஒரு துண்டு புளியோ பிழிந்த எலுமிச்சைத் தோலோ போடுவார்கள். காரணம் இதுதான்: உப்புத் தண்ணீரில் பைகார்பனேட் இருக்கிறது. கொதிக்கும்போது அதிலிருந்து கார்பன் டை ஆக்சைடு வெளியேற, தண்ணீர் காரமாகிறது. காரமான கொதிநீர் ஆக்சைடு படலத்தைத் தாக்கி அதன் தன்மையை மாற்றுகிறது. புளியிலுள்ள டார்டாரிக் அமிலமும் எலுமிச்சையின் சிட்ரிக் அமிலமும் அந்தக் காரத்தைத் தணிக்கின்றன. கெட்டியான கிளீனரில் ஊறிய அலாய் வீல் கருத்துப்போவதும் இதே வேதியியலின் வேலைதான். அங்கே காரம் அலுமினியத்தைக் கரைத்து எடுத்துவிட, கரையாத சிலிக்கான் கருஞ்சாம்பல் நிறப் பொடியாக மேலே தங்குகிறது. அது அழுக்கு என்று நினைத்து மறுபடியும் கிளீனரை ஊற்றினால் இன்னும் கருக்கும்.

இந்த ஈரியல்பின் மேல்தான் உலகின் அலுமினியத் தொழிலே நிற்கிறது. ஆஸ்திரிய வேதியியலாளர் கார்ல் யோசஃப் பாயர் 1880களின் இறுதியில் கண்டறிந்த முறையில் பாக்சைட் தாதுவைச் சூடான காஸ்டிக் சோடாவில் போடுகிறார்கள். தாதுவிலுள்ள அலுமினியம் கரைந்து திரவத்தோடு போகிறது. இரும்பு ஆக்சைடு கரையாமல் செஞ்சேறாகத் தங்குகிறது. கல்வராயனுக்குப் பக்கத்து மலையான சேர்வராயனிலும் கொல்லிமலையிலும் வெட்டிய பாக்சைட்டைக் கொண்டு, 1960களில் மேட்டூரில் தொடங்கிய மதராஸ் அலுமினியம் கம்பெனி அலுமினியம் தயாரித்தது.

இந்த முறையில் காரம் அலுமினியத்தை எடுத்துக்கொண்டு இரும்பை விட்டுவிடுகிறது. தாதுவைப் பிரிப்பதற்கு அது மிகப் பொருத்தமானது. சக்கரத்தைக் கழுவும்போது நமக்கு வேண்டியது இதற்கு நேர் எதிரானது: இரும்பு போக வேண்டும், அலுமினியம் இருக்க வேண்டும். பதிந்த பிரேக் தூளை எடுக்கக் காரத்தைக் கூட்டிக்கொண்டே போவது, இரும்பைத் தொடாமல் சக்கரத்தையே கரைக்கும் வழி. இந்த அத்தியாயத்திலிருந்து ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதாக இருந்தால், இதை வைத்துக்கொள்ளுங்கள்.

சூடு, நேரம், செறிவு

சுத்தம் செய்வதில் வேதிப்பொருள், தேய்ப்பு, வெப்பம், நேரம் ஆகிய நான்கும் சேர்ந்தே வேலை செய்கின்றன என்று ஜெர்மனியின் ஹென்கெல் நிறுவனத்தில் பணியாற்றிய ஹெர்பர்ட் சின்னர் 1959-ல் வகுத்துச் சொன்னார். ஒன்றைக் குறைத்தால் மற்றொன்றைக் கூட்டி ஈடுசெய்யலாம். வேதிப்பொருளைக் குறைத்து மென்மையான பிரஷ்ஷால் கொஞ்சம் கூடுதலாகத் தேய்த்தால் சக்கரம் பிழைக்கும்.

மலையிறங்கி வந்த சக்கரத்தில் உடனே கிளீனரை அடிப்பது நான்கில் இரண்டை ஒரே நேரத்தில் எல்லை மீற வைக்கிறது. பல வேதிவினைகள் ஒவ்வொரு 10 டிகிரி கூடும்போதும் ஏறத்தாழ இரு மடங்கு வேகம் பெறும். சூட்டில் தண்ணீர் ஆவியாகும், காரம் ஆவியாகாது. ஆக, நாம் நீர்த்து ஊற்றிய திரவம் சக்கரத்தின் மேலேயே கெட்டியாகிறது. வழிந்த கோடுகளாகவும் துளியின் ஓரங்களாகவும் பதியும் அழியாத தடங்கள் இப்படித்தான் உண்டாகின்றன. சித்திரை வைகாசி வெயிலில் நிறுத்திய காரின் சக்கரத்துக்கும் இது பொருந்தும்.

நிறையத் தண்ணீர் கலந்துவிட்டேன், இனி பயமில்லை என்பதும் முழுக்கச் சரியில்லை. ஒரு சதவீதச் சலவை சோடாக் கரைசலைப் பத்து மடங்கு நீர்த்தாலும் அதன் பிஎச் அரைப் புள்ளி அளவே இறங்கும். 11-க்குக் கீழே எளிதில் வராது. நீர்ப்பதால் குறைவது காரத்தின் மொத்த இருப்பு. குறுகிய நேரத்தில் கழுவிவிட்டால் அந்தக் குறைவு பாதுகாப்புத் தரும், ஊறவிட்டால் தராது. இன்னொரு நுட்பமும் உண்டு. ஒரே பிஎச் உள்ள இரண்டு கிளீனர்கள் ஒரே அளவில் அரிக்க வேண்டும் என்பதில்லை. சிலிக்கேட் சேர்ந்த கிளீனர் அலுமினியத்தின் மேல் மெல்லிய காப்புப் படலம் விட்டு அரிப்பைக் குறைக்கும். காஸ்டிக் மட்டும் உள்ளதில் அந்தக் காப்பு இல்லை. லேபிள் ஒட்டாத கேனில் விற்கும் திரவத்தில் ஆபத்து இதுதான்: ஸ்லரியை நடுநிலையாக்கப் போட்ட காஸ்டிக் சற்றுக் கூடியிருந்தாலும் வாங்குபவருக்குத் தெரிய வழியில்லை. பள்ளி ஆய்வகத்திலும் வேதிப்பொருள் கடைகளிலும் கிடைக்கும் பிஎச் தாளை நனைத்துப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

எந்தச் சக்கரம்?

கிளீனர் தொடுவது உலோகத்தையா, அதன் மேலுள்ள பூச்சையா என்பதே அடுத்து பார்க்க வேண்டியது. தொழிற்சாலையில் பெயின்ட்டும் கிளியர் கோட்டும் போட்ட அலாய் வீலில் உலோகம் மூடியிருக்கும். நீர்த்த கிளீனர் ஓரிரு நிமிடம் பட்டால் அதற்கு ஒன்றும் ஆகாது. சாதாரண கார்களின் இரும்புச் சக்கரமும் பிளாஸ்டிக் வீல் கப்பும் இதே வகை. சொல்லப்போனால் எஃகை மிதமான காரம் துருவிலிருந்து காக்கவே செய்யும்.

பூச்சில்லாத பாலிஷ் அலுமினியம், மெருகேற்றி ஆனடைஸ் செய்தது, இவை மிக மென்மையானவை. ஆனடைஸ் என்பது மின்சாரத்தால் தடிமனாக்கிய அதே ஆக்சைடு படலம்தான். காரத்தில் அதுவும் கரையும். இவற்றில் நடுநிலை பிஎச் உள்ள கார் ஷாம்பு தவிர வேறெதையும் போடக் கூடாது. நல்ல பூச்சுள்ள சக்கரத்திலும் கல்லடி பட்ட பள்ளம், நடைபாதையில் உரசிய விளிம்பு, பேலன்சிங் எடை ஒட்டி எடுத்த இடம் ஆகியவற்றில் உலோகம் திறந்திருக்கும். காரம் அங்கே நுழைந்து பூச்சுக்கு அடியில் பரவினால், பூச்சு கொப்பளித்து உரியும். கழுவும் முன் சக்கரத்தைத் தடவிப் பார்ப்பது வீண் வேலையே அல்ல.

டயருக்கு மட்டும் ஆல் பர்ப்பஸ் கிளீனர் மிகப் பொருத்தம். ரப்பர் ஓசோனால் வெடிக்காமல் இருக்கச் சேர்க்கும் காப்புப்பொருள் மெல்ல மேற்பரப்புக்கு வந்து, காற்றோடு வினைபுரிந்து பழுப்பாகிறது. பழைய டயர் பாலிஷின் எண்ணெய்ப் பிசுக்கும் அதோடு சேரும். நீர்த்த கிளீனரும் கெட்டியான பிரஷ்ஷும் இதை நன்றாக எடுக்கும். டயரைத் தேய்க்கும்போது திரவம் சக்கரத்தில் வழிந்து காயாமல் உடனே தண்ணீர் விட்டுக்கொண்டால் போதும்.

இரும்பைத் தேடும் மூலக்கூறு

பதிந்த இரும்பை எடுக்க, இரும்பை மட்டும் பிடிக்கும் பொருள் வேண்டும். அந்த வேலையைச் செய்வது தயோகிளைகோலேட் உப்பு. இதிலுள்ள கந்தக அணு துருவின் இரும்பைப் பற்றித் தண்ணீரில் கரையும் சேர்மமாக்குகிறது. அந்தச் சேர்மம் ஊதா நிறம். வெள்ளைச் சக்கரத்தில் இரத்தம் வழிவதுபோல் ஊதாக் கோடுகள் இறங்கினால், ஒவ்வொரு கோட்டின் தொடக்கத்திலும் ஓர் இரும்புத் துகள் கரைந்துகொண்டிருக்கிறது என்று அறியலாம். அதன் நெடி பியூட்டி பார்லரை நினைவூட்டும். முடியைச் சுருள வைக்கும் லோஷனிலும் முடியின் கந்தகப் பிணைப்பை உடைப்பது இதே குடும்பத்துப் பொருள்தான். அயர்ன் ரிமூவர் என்று விற்கும் இவற்றில் பல நடுநிலை பிஎச்சில் இருப்பதால் அலுமினியப் படலம் தப்பிக்கிறது. சில மாதங்களுக்கு ஒருமுறை, ஆறிய சக்கரத்தில், நிழலில், காற்றோட்டமான இடத்தில் பயன்படுத்திக் காயும் முன் கழுவிவிட வேண்டும்.

ஆக வேலையின் வரிசை எளிது. சக்கரம் கையால் தொடும் அளவு ஆறட்டும். முதலில் வெறும் தண்ணீரால் செம்மண்ணைப் போக்குங்கள். மணலோடு தேய்த்தால் பூச்சில் கீறல் விழும். பிறகு ஷாம்பு, அல்லது பூச்சு நன்றாக இருந்தால் நீர்த்த கிளீனர். ஒரு சக்கரத்தை முடித்துக் கழுவிய பிறகே அடுத்த சக்கரம். பிரேக் தூளைக் காய்ந்த நிலையில் துடைக்கவோ காற்றடித்து ஊதவோ கூடாது. அந்தத் தூள் நுரையீரலின் ஆழம் வரை போகும் அளவுடையது. உப்புத் தண்ணீர் காயும் முன் துணியால் துடைத்துவிட்டால் வெள்ளைப் புள்ளி விழாது. வண்டியை எடுத்ததும் மெதுவாக ஓட்டி இரண்டு மூன்று முறை பிரேக்கை மிதித்து டிஸ்க்கை உலர்த்துங்கள்.

ஆசிட் பாட்டில்

காரம் சரிவராதபோது பலர் ஆசிட்டுக்குப் போகிறார்கள். கழிப்பறைக்கு வாங்கும் ஹைட்ரோகுளோரிக் அமிலம் பிரேக் தூளையும் துருவையும் உடனே எடுக்கும். அதோடு அலுமினியப் படலத்தையும் வீல் நட்டையும் டிஸ்க்கையும் சேர்த்து அரிக்கும். குளோரைடு தங்கிய இடத்தில் பின்னாளில் குழிகுழியாக அரிப்பு தொடரும். இன்னும் கொடியவை ஹைட்ரோஃபுளோரிக் அமிலமோ அம்மோனியம் பைஃபுளோரைடோ கலந்த வீல் கிளீனர்கள். நீர்த்த ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் தோலில் பட்டால் முதலில் வலிகூட இருக்காது. பல மணி நேரம் கழித்தே வலி தெரியும். அதற்குள் ஃபுளோரைடு தோலைத் தாண்டி உள்ளே போய் உடலின் கால்சியத்தைப் பிடித்திருக்கும். அதிக அளவில் பட்டால் இதயத்துடிப்பே நின்றுபோகலாம். இத்தகைய பொருள் பட்டுவிட்டால் உடனே தண்ணீரில் நன்றாகக் கழுவி, பாட்டிலையும் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும். கால்சியம் குளுக்கோனேட் ஜெல் தருவது இதற்கான சிகிச்சை.

வாட்டர் சர்வீஸில் வேலை செய்யும் இளைஞர்கள் பலர் கையுறை இல்லாமல், வெறுங்காலோடு, நாள் முழுவதும் இந்தத் திரவங்களில் நிற்கிறார்கள். 12 பிஎச் உள்ள காரமும் தோலின் கொழுப்பை இளக்கி வெடிப்பை உண்டாக்கும். கண்ணில் தெறித்தால் அமிலத்தைவிட ஆழமாக ஊடுருவும். ரப்பர் கையுறை, கண்ணாடி, பூட்ஸ் மூன்றும் அவர்களுக்குக் கொடுக்க வேண்டியது கடை உரிமையாளரின் கடமை. கழுவிய தண்ணீர் போகும் இடத்தையும் பார்க்க வேண்டும். வாய்க்கால் வழியே ஏரிக்குப் போகும் நுரைப்பொருள் மீனின் செவுளைப் பாதிக்கும். பிரேக் தூளின் உலோகங்கள் வண்டலில் படிந்து தங்கிவிடும். மணலும் எண்ணெயும் பிரிந்து தங்க ஒரு தொட்டி கட்டுவது எந்தச் சிறு கடைக்கும் கைக்கெட்டாத செலவாகாது.

ஒரு கிளீனரை வாங்கும்போது இனி இரண்டு கேள்விகள் கேளுங்கள். இதன் பிஎச் என்ன? இதில் ஃபுளோரைடு இருக்கிறதா? விற்பவருக்குப் பதில் தெரியாவிட்டால், லேபிளிலும் எழுதியிருக்காவிட்டால், அதை வாங்காதீர்கள். கேட்பவர்கள் பெருகினால் ரிஷிவந்தியம் கடைத்தெருவிலும் பதில் எழுதிய பாட்டில்கள் வந்து நிற்கும்.